வெட்டாமல் விட்ட கொடி

"ஐயோ... நிறுத்துங்க!"

நீவெஸ் மேட்டிலிருந்து ஓடி வந்த வேகத்தில் கையிலிருந்த கரித்துண்டுகள் சேற்றில் சிதறின. கொடியின் முன்னால் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். அவன் கையில் கத்தரி. காலடியில்... அவள் வந்த நாளிலிருந்து வரைந்துகொண்டிருந்த திராட்சைக் கொடியின் கிளைகள் குப்பையாகக் கிடந்தன.

"என் கொடியை இப்படி மொட்டையடிச்சிட்டீங்களே!"

"உங்க கொடியா?" அவன் புருவம் உயர்ந்தது. "எங்க கொள்ளுத் தாத்தா நட்டதுன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"பாதிப் படம் அப்படியே நிக்குது! தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு எவ்வளவு அழகா இருந்துச்சு..."

"அழகு இருக்கட்டும். வெட்டலைன்னா வெறும் இலையா தழைக்கும், பழம் சூம்பிப் போகும். அப்புறம் ராத்திரி சாப்பாட்டோட எதைக் குடிப்பீங்க?"

சுடச்சுடப் பதில் சொல்ல வாயெடுத்தாள். மழை முந்திக்கொண்டது.

இருவரும் கருவிக் கொட்டகைக்கு ஓடினார்கள். தகரக் கூரை தடதடத்தது. அவன் இமைகளில் துளிகள் தொங்கின. அந்தக் கண்கள் பழுப்பா, பச்சையா... ஓவியக்காரிக்கே பிடிபடவில்லை. ஒரு நிறத்துக்குப் பெயர் தெரியாமல் அவள் திண்டாடியது அதுதான் முதல் தடவை. திட்ட வேண்டியதெல்லாம் மறந்தே போயிற்று.

அவன் பெயர் தூலியோ. பியமோந்தே குன்றுகளில் தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்யும் பொர்னெங்கோ வீட்டின் ஒரே பிள்ளை. குளிர்காலம்தோறும் ஒரு ஓவியரை அழைத்துத் தங்கவைத்து உபசரிப்பது அந்த வீட்டு வழக்கம். வந்தவர் போகும்போது ஒரு படம் விட்டுச் செல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் அப்படி வந்தவள் திரியெஸ்தே நகரத்துக்காரி நீவெஸ்.

மறுநாளே அவள் தாளும் கரியுமாக அவன் பின்னால் போனாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், "எங்க தீர்ந்துச்சு?" என்பாள். ஆனாலும் போனாள்.

"வெட்டறதுக்கு முன்னால ஏன் கொடியை இப்படி முறைக்கறீங்க?"

"முறைக்கல. எந்தக் கிளை வர்ற வருஷத்தைத் தாங்கும்னு பாக்கறேன். நீங்க ஏன் என்னை முறைக்கறீங்க?"

"நான் கொடியைத்தான் பாத்தேன்!"

"கொடி அந்தப் பக்கம் இருக்குங்க..."

அவள் முகம் சிவந்தது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். வெட்டிய நுனியில் நீர் துளிர்த்து நின்றது.

"கொடி அழுவுதா என்ன?"

"இல்லைங்க... வேர் முழிச்சிக்கிச்சு. வசந்தம் வருது."

எனக்குள்ளும் ஏதோ முழித்துக்கொண்டதே, இவனிடம் எப்படிச் சொல்வேன் என்று அவள் தவித்தாள்.

அதை முதலில் கண்டுபிடித்தவர் தூலியோவின் அம்மா தெல்ஃபீனா, அந்தத் தோட்டத்தையே ஆள்பவர். ஒரு மாலை சூப்புக் கிண்ணத்தோடு நீவெஸின் அறைக்கு வந்தார்.

"இதுவரைக்கும் வந்தவங்க படத்தை விட்டுட்டுப் போனாங்க. நீ என் பையன் மனசை எடுத்துக்கிட்டுப் போயிடுவ போலிருக்கே, பொண்ணே. நீ ஊருக்குப் போயிடுவ. அவன் இந்தக் குன்றை விட்டு எங்க போவான்? இருக்கறதுன்னா இரு. போறதுன்னா... அவனைப் பாத்துச் சிரிக்காத."

சுருக்கென்று தைத்தது. இரு என்று சொல்ல வேண்டியவன் வாயே திறக்கவில்லையே! கூப்பிடாத இடத்தில் ஒட்டிக்கொள்ள நான் என்ன அவ்வளவு மலிவா? அன்றிலிருந்து அவள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. அவனும் தேடி வரவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அந்த வீட்டுக்கு விட்டுச் செல்ல வேறொரு படம் வரைந்து முடித்தாள்; பாதியில் நின்ற கொடிப் படம் அப்படியே கிடந்தது. காலை பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு இறங்கியவள் சாலையில் திகைத்து நின்றாள்.

அந்த ஊரில் ஒரு குடும்பத்தை எடைபோட வீட்டைப் பார்க்க மாட்டார்கள், சாலையோரக் கொடி வரிசையைத்தான் பார்ப்பார்கள். பொர்னெங்கோ வரிசை ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்டு நின்றது. நட்டநடுவில் ஒரே ஒரு கொடி மட்டும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு காற்றில் ஆடியது. டிராக்டரை நிறுத்திவிட்டு அக்கம்பக்கத்தார் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா?" தெல்ஃபீனா மகனைப் பார்த்துக் கத்தினார். "ஊரே சிரிக்குது! எப்படிடா மறந்த?"

"மறக்கலம்மா." தூலியோவின் காது மடல்கள் சிவந்திருந்தன. "விட்டு வச்சேன்."

"யாருக்கு?"

அவன் நீவெஸைப் பார்த்தான்.

"எனக்குப் பேசத் தெரியாது... தெரிஞ்சது இந்த வேலை ஒண்ணுதான். இதை வரைஞ்சு முடிக்கற வரைக்குமாவது... போகாத, நீவெஸ்."

போகாத! 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. பை அவள் கையிலிருந்து நழுவியது. நேரே போய் அவன் இடுப்பிலிருந்த கத்தரியை உருவி அவன் கையில் வைத்தாள்.

"வெட்டு."

அவன் முகம் வெளுத்தது. "அப்போ... போறியா?"

"இந்தக் கொடிக்காக இருந்தா வரைஞ்சு முடிச்சதும் கிளம்பணும், மக்கு! நான் உனக்காக இருக்கேன். உன்னைப் பிடிச்சிருக்கு... அந்த மழையிலிருந்தே பிடிச்சிருக்கு. போதுமா? இப்ப வெட்டு, பழம் சூம்பிடப் போகுது."

பிறந்ததிலிருந்து கொடிகளோடு வாழ்ந்தவனுக்கு எந்தக் கிளையை வெட்டுவதென்று தெரியவில்லை. கத்தரியை ஒரு கிளையில் வைத்தான், எடுத்தான், இன்னொன்றில் வைத்தான். சிரித்துக்கொண்டே அவள் கத்தரி பிடித்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெல்ஃபீனா சாலையில் கிடந்த நீவெஸின் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி மேட்டில் ஏறினார்.