யாரும் கொடுக்காத மூன்று கிலோ

ஏழாவது தடவையும் கணக்கு அதே இடத்தில் நின்றது. அறுபது சதவீதம். பஸ்லிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவன் இன்னும் எழவில்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி ஜன்னல் கம்பிகளில் ஈரமாய்ப் படிந்திருக்க, காயாத சாதிக்காயின் மணமும் மூன்று நாளாய் அணைக்காத லெப்டொப்பின் சூட்டு மணமும் கலந்து அவன் தலையை வலிக்க வைத்தன.

திரையில் இருந்தது குழந்தையை மார்போடு கட்டும் பட்டியின் பிளாஸ்டிக் கிளிப். தாயின் முதுகில் இரண்டு பட்டிகளையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். எவ்வளவு இழுவையை அது முறியாமல் தாங்கும் என்பதுதான் கணக்கு. வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் என்றாலே கணினிக்கு வயிற்றுவலி. வளைவு கொஞ்சம் கூடினால் விடை தெரியாமல் திணறி நின்றுவிடும். பஸ்லி தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டான். சுமையைப் பொடிப்பொடியாக ஏற்றினான். கணக்குக்காகக் கிளிப்பைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலையை வளைவில் நெருக்கமாகப் பின்னினான். பிளாஸ்டிக் இழுபடும் அளவுகளை மறுபடி சரிபார்த்தான். எல்லாம் செய்தும் அறுபதைத் தாண்டவில்லை.

கொழும்பு அலுவலகத்திலிருந்து சசிக்குமார் போன் எடுத்தார். "எப்படியாச்சும் ஓட வச்சி அனுப்புங்க பஸ்லி. காலைல கிளிப் வார்க்கிற அச்சு வெட்டப் போறாங்க. இல்லாட்டி இந்த வேலை நம்ம கைவிட்டுப் போயிரும்."

"பார்க்கிறேன் சேர்."

மாதிரிக்கு வந்த கிளிப் அவன் மனைவி மஸீஹாவின் முதுகில் இருந்தது. எட்டு மாத மகள் ஸஹ்னாவைப் பட்டியில் கட்டிக்கொண்டு, அவள் கூடத்தில் நடந்து தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாகக் கேட்டது.

பஸ்லி கடைசியாக விசைகளைக் கூட்டிப் பார்த்தான். கணக்கு நின்ற இடம்வரை அவன் கொடுத்தது ஒன்பது கிலோ இழுவை. கிளிப்பைத் தாங்கும் முனைகளோ பன்னிரண்டு கிலோ என்றன. கொடுத்ததற்கு மேல் மூன்று கிலோ வரவே வராது. திரைக்குள் அவன் வைத்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. அழுத்தத்தை நிறத்தில் காட்டச் சொன்னான். கிளிப்பின் ஓர் ஓரத்தில் நான்கு சிவப்புப் புள்ளிகள். எதிர் ஓரத்தில் ஒன்று.

தன் கையைப் பார்த்தான். பிறகு திரையை. ஒரு கை பற்றிய தடம் போல, ஆனால் அவன் விரல்களைவிடச் சிறிய இடைவெளிகள்.

களைப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவன் செய்யக்கூடாததைச் செய்தான். திரையில் கிளிப்பைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங்குகளைப் போட்டான். திணறும் கணக்கைத் தாங்கிப் பிடிக்க எல்லோரும் செய்யும் தந்திரம்தான். அந்த ஸ்பிரிங்குகள் எவ்வளவு சுமையை வாங்குகின்றன என்று பிறகு பார்த்தாக வேண்டும். அவன் பார்க்கவில்லை. கணக்கு வழுக்கிக்கொண்டு நூறைத் தொட்டது. புள்ளிகள் அப்போதும் இருந்தன. நிற அளவின் உச்சத்தைக் கூட்டிவிட்டான். சிவப்பு நீலத்தில் கரைந்தது. படத்தை அனுப்பினான். நல்லாயிருக்கு என்று சசிக்குமாரிடமிருந்து உடனே பதில் வந்தது.

கூடத்தில் செருப்புச் சத்தம் நின்றிருந்தது.

"விடுங்க," என்றாள் மஸீஹா, தாழ்ந்த குரலில். "இப்பதான் புள்ள கண்ண மூடுறா. ஏன் பின்னால புடிச்சி இழுக்கிறீங்க?"

அவன் கை இன்னும் மவுஸின் மேல் இருந்தது.

"நான் இங்க இருக்கேன் மஸீஹா."

எழுந்து ஓடினான்.

அவள் முதுகு காட்டி நின்றாள். பின்னால் யாருமில்லை. பட்டிகள் விறைத்திருந்தன. கிளிப் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஓர் ஓரத்தில் நான்கு குழிகள், எதிரே ஒன்று. முறியப்போகும் பிளாஸ்டிக் முதலில் வெளுக்கும். குழிகள் வெளுத்திருந்தன.

"அசையாத. புள்ளயப் புடிச்சிக்க."

இரண்டு கைகளாலும் கிளிப்பைப் பொத்தினான். கிளிப் குளிர்ந்தது. பின்னாலிருந்து ஏதோ இழுத்தது. அவனும் இழுத்தான்.

கணக்கு முடிந்து ஓய்ந்திருந்த லெப்டொப்பின் விசிறி அறைக்குள் மறுபடி சுழலத் தொடங்கியது. கதவு வழியே திரை தெரிந்தது. நூறு சதவீதம். நூற்றொன்று. நூற்றிரண்டு.

அவன் விரல் இடுக்கில், இன்னொரு கையும் வந்து பற்றியது போல, ஆறாவது புள்ளி வெளுத்தது. பிறகு ஏழாவது.