வரகுக்குப் பச்சை, தினைக்குப் பச்சை

வரகின் கூண்டு உயிர்வாயிலைக் கடந்தபோது பச்சை விளக்கு எரிந்தது. தினையின் கூண்டுக்கும் பச்சை. இரண்டுக்கும் பின்னால் நடந்துவந்த மிருணாளினிக்கு மஞ்சள் எரிந்தது. கண்ணாடிக் கதவு அவள் மூக்குக்கு முன்னால் மெதுவாக மூடிக்கொண்டது.

கூண்டுகள் மறுபக்கம் போய் நின்றன. வரகு கம்பிகளுக்கிடையே மூக்கை நீட்டி ஒருமுறை கத்தியது. பதின்மூன்று வயதுக் கிழட்டுப் பூனை. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. தினமும் காலையில் அதன் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்ற வேண்டும். மூன்று வயது தினைக்கு எந்த நோயும் இல்லை, பசியைத் தவிர.

தூத்துக்குடியிலிருந்து தாவேரா தீவுக்கு வந்து சேர அவளுக்கு ஒன்றரை வருடமாகியிருந்தது. அதில் பெரும்பகுதி பூனைகளுக்காகப் போனது. தாவேராவின் உணவு முழுவதும் பாசிக்குளங்களில் விளைந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு நுண்ணுயிர் போதும், ஒரு குளம் நாலு நாளில் அழுகிவிடும். அதனால்தான் உயிர்வாயில். உள்ளே நுழையும் உடலில் எந்தெந்த நுண்ணுயிர்கள் எவ்வளவு வாழ்கின்றன என்பதை அது ஒரே மூச்சில் படித்து, திரையில் புள்ளிகளாக வரைந்துவிடும். அந்தப் படத்துக்கு நுண்கோலம் என்று பெயர். ஒருவருடையது போல இன்னொருவருடையது இருக்காது என்பது தெரிந்த பிறகு, தீவில் சாவியும் அடையாள அட்டையும் ஒழிந்துபோயின. வீடு, கடை, வேலையிடம் எல்லாக் கதவுகளும் நுண்கோலம் பார்த்துத்தான் திறந்தன.

பூனைகளைப் பச்சையாக்க அவள் ஆறு மாதம் நாள் தவறாமல் நாக்கில் சொட்டு மருந்து விட்டாள். கொதித்தாறிய தண்ணீர் கொடுத்தாள். கையுறை போட்டுக்கொண்டுதான் தடவினாள். அப்படியும் மஞ்சள் எரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், தீவின் விலங்குத் தனிமைக் காப்பகத்தில் ஓர் அறையையும் பதிந்து வைத்திருந்தாள். வரகு கூண்டுக்குள் மூன்று வாரம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த நினைப்பிலேயே விமானத்தில் அவள் எதுவும் சாப்பிடவில்லை.

தன்னைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. மனிதர்களுக்கு அதுவரை இந்தத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. ஒரு சுற்றுலாப் பயணியால் நான்காம் குளம் அழுகிப்போக, இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த விலக்கை நீக்கியிருந்தார்கள். அறிவிப்பு அவளுக்கும் வந்தது. ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டாள்.

“தங்கச்சி, ஒருக்கா இந்தப் பக்கம் வாங்கோ.”

அழைத்தவர் காப்பகத்தின் பொறுப்பாளர். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் செல்வரூபன் என்று பெயர் இருந்தது. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டாள்.

“பூனையள் ரெண்டுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. இப்பவே வீட்டுக்குப் போகலாம்” என்றார். “நீங்கள்தான் நிக்க வேண்டி வரும்.”

“எனக்கு என்ன இருக்குண்ணே?”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவளுடைய நுண்கோலத்தின் ஓரத்தில் ஊதா நிறப் புள்ளிகள் கொத்தாகக் கிடந்தன. பாசியைத் தின்னும் நுண்ணுயிர். மனிதருக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. பதினைந்து வருடம் மன்னார் வளைகுடாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி வளர்த்ததில் அவள் தோலிலும் குடலிலும் குடியேறியிருந்தது. அந்தப் பதினைந்து வருட அனுபவத்துக்காகத்தான் தாவேராவின் பாசிப்பண்ணை அவளை வேலைக்கு எடுத்திருந்தது.

“எத்தனை நாள்?”

“மூண்டு கிழமை. மனுசருக்கெண்டு கட்டிற கட்டடம் இன்னும் முடியேல்லை. ஆனா உங்கட பேரில ஒரு அறை முதலே பதிஞ்சு கிடக்கு.”

“அது பூனைக்குப் பதிஞ்சதுண்ணே.”

“ஓம். பூனையளுக்கு இப்ப அது தேவையில்லைத்தானே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “வரகுக்கு யார் ஊசி போடுவா? நாளைக்குக் காலைல ஏத்தணும். ஒரு நாள் விட்டாலும் சாப்பிடாது.”

செல்வரூபன் பூனையைப் பார்த்தார். “நான் ஊசி போட்டதில்லை. காட்டித் தந்தீங்கள் எண்டால் செய்யிறன்.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிருணாளினி ஒரு துண்டை உருட்டிப் பூனை மாதிரி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மேசைமேல் வரகு. தோளுக்கு மேல் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சாய்த்து நுழைக்க வேண்டும். அவள் துண்டில் செய்துகாட்ட, அவர் வரகில் செய்தார். அவருக்கு நெற்றி வியர்த்தது. வரகு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

“சரியா வந்துட்டுதா?” என்று கேட்டார்.

“சரியா வந்துருச்சுண்ணே” என்றாள்.

ஏழாம் எண் அறை சின்னது, ஆனால் வெளிச்சமானது. சன்னலோரம் உயரத்தில் அகலமான பலகை ஒன்று இருந்தது. பூனைகள் ஏறி உட்கார்ந்து வெளியே பார்க்க. கட்டிலை அதற்கடியில் போட்டிருந்தார்கள். சாப்பாடு சுவரிலிருந்த திறப்பு வழியாக நாளுக்கு இருமுறை வந்தது. பக்கத்து அறைகளில் அதே விமானத்தில் வந்த மூவர் இருந்தார்கள். ஒரு செவிலி, ஒரு சமையற்காரர், உயிர்வாயில்களைப் பராமரிக்க வந்த லூக்காஸ் என்ற பொறியாளர். எல்லோரும் பாசிப்பண்ணைக்கு வந்தவர்கள். ‘மொழிச்செவி’ என்ற சின்னக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு அவரவர் மொழியில் கேட்கும்.

லூக்காஸுக்குக் கோபம் அடங்கவே இல்லை. “வாயிலைப் படைத்த நிறுவனமே என்னை அனுப்பியிருக்கிறது. என்னை ஒரு பூனைக்கூண்டில் வைத்திருக்கிறார்கள்” என்று நாளுக்குப் பத்துமுறை சொன்னார்.

சிகிச்சை எளிதானதுதான். பூனைகளைப் போல ஆறு மாதம் இருந்தால் கெட்டதை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். மூன்று வாரமென்றால் எல்லாவற்றையும் கழுவத்தான் முடியும். கசப்பில்லாத ஒரு பானம், மூக்குக்கு ஆவி, தினம் மூன்று குளியல். எல்லாம் போன பிறகு, தீவு ஆய்வகத்தில் தயாரித்த நல்ல நுண்ணுயிர்களின் பொதுக்கலவையை ஒரு கோப்பையில் கொடுப்பார்கள். அவள் கொண்டுவந்த துணிமணிகளையும் கதிர்களால் தூய்மையாக்கிவிட்டார்கள்.

முதல் நாலு நாள் அவள் தவித்தாள். ஐந்தாம் நாள் காலையில் பலகைமேல் ஏறிப் பார்த்தாள். வெளியே ஒரு மரமும், அதில் நீலவால் குருவிகளும், அதற்கப்பால் பச்சைப் பசேலென்று குளங்களும் தெரிந்தன. வெயில் முதுகில் விழுந்தது. கால்களை மடக்கிக்கொண்டு அங்கேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் மூன்றுமுறை தூங்கி எழுந்தாள்.

செல்வரூபன் தினம் வந்து தகவல் சொன்னார். பூனைகளை அவளுக்கு ஒதுக்கிய வீட்டிலேயே விட்டிருந்தார். கதவு அவற்றின் நுண்கோலத்துக்கும் அவருடையதுக்கும் திறந்தது. காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தார்.

“இண்டைக்கு ஊசி போடேக்க என்ர மடியிலயே இருந்தவர்” என்றார், வரகைப் பற்றி. “சாப்பாடு முழுக்க முடிச்சிட்டார்.”

“மடியில உக்காந்துச்சா? வெளியாள்கிட்ட போகாதே அது.”

“நான் இப்ப வெளியாள் இல்லைப் போல” என்று வெட்கப்பட்டுச் சொன்னார். அவருக்கு மனைவி இறந்து ஆறு வருடம். அதற்கப்புறம் யாரும் மடியில் உட்கார்ந்ததில்லை என்று இன்னொரு நாள் சொன்னார்.

இருபத்தோராம் நாள் அவளுக்குப் பச்சை எரிந்தது. வீட்டுக் கதவு திறந்ததும் தரையில் உட்கார்ந்து, “வரகு” என்று கூப்பிட்டாள்.

குரலைக் கேட்டு உள்ளறையிலிருந்து அது ஓடிவந்தது. அவளுக்கு இரண்டடி முன்னால் நின்றது. மூக்கைச் சுருக்கி முகர்ந்தது. காது அவள் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு பின்னால் நகர்ந்தது. மறுபடி முகர்ந்துவிட்டு அலமாரிக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது.

“என்னண்ணே இது?”

செல்வரூபனுக்கும் புரியச் சற்று நேரமாயிற்று. “மணம், தங்கச்சி. மனுசரின்ர மணம் எண்டுறது அந்த நுண்ணுயிர்கள் செய்யிற வேலைதான். அதெல்லாத்தையும் கழுவிப்போட்டம். அவருக்கு நீங்கள் இப்ப ஆரோ ஒரு ஆள்.”

அவள் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். எந்த வாசனையும் இல்லை. அன்று அவள் அழுதாள். சத்தம் கேட்டு வரகு அலமாரிக்கடியிலிருந்து எட்டிப் பார்த்ததே தவிர வரவில்லை. அடுத்த நாள் செல்வரூபன் வந்தபோது ஓடிப்போய் அவர் காலைச் சுற்றியது.

அவள் அவசரப்படவில்லை. கூப்பிடுவதை நிறுத்தினாள். வேலைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தரையில் பாய் விரித்து அங்கேயே படித்தாள், அங்கேயே சாப்பிட்டாள். நாலாம் நாள் தினை வந்து கன்னத்தை அவள் முழங்காலில் தேய்த்தது. ஒன்பதாம் நாள் மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது நெற்றியில் சொரசொரவென்று ஏதோ பட்டது. வரகு அவள் புருவத்தை நக்கிக்கொண்டிருந்தது. அசையாமல் கிடந்தாள். புருவம் முடிந்ததும் காது, அப்புறம் தலைமுடி. தாய்ப்பூனை குட்டிக்குச் செய்வது போல ஒழுங்காக, பொறுமையாகச் செய்தது. அது அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. புதிதாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் அவளுக்கு அந்தக் குளியல் நடந்தது. நாலே நாளில் வரகு பழையபடி அவள் கழுத்தோரம் சுருண்டு தூங்கியது.

பாசிப்பண்ணையின் வாசலில் முதல் நாள் லூக்காஸ் முன்னால் போனார். கதவு திறந்தது. அடுத்து செவிலி. திரையில் ‘இவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்’ என்று வந்தது. சமையற்காரர் நின்றபோதும் அதே வாசகம். மூவருக்கும் ஒரே கோப்பையிலிருந்து ஒரே கலவை. புள்ளிக்குப் புள்ளி ஒரே நுண்கோலம். வாயிலுக்கு அவர்கள் மூவரும் ஒரே ஆள். முந்தின நாள் தன் வீட்டுக்குள் செவிலி நுழைந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் அது அவள் வீடு இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது என்றார் சமையற்காரர்.

மிருணாளினி நின்றாள். கதவு உடனே திறந்தது. அவளுடைய கோலத்திலும் அதே பொதுப்புள்ளிகள்தான். ஆனால் நடுவில் வேறு நிறத்தில் ஒரு சுழி ஓடியது. பண்ணை அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பூனை நாக்கிலிருந்து வந்த நுண்ணுயிர்கள். எல்லாம் உயிர்வாயில் ஏற்கெனவே பச்சை கொடுத்தவை.

“இது எப்படி வந்தது?” என்று கேட்டார் அதிகாரி.

“வரகு நக்கிச்சு” என்றாள்.

அன்று மாலை செல்வரூபன் ஒரு கடிதத்தோடு வந்தார். காப்பகத்தின் தலைமையிடமிருந்து வந்தது. பெறுநர் இடத்தில் வரகு என்று எழுதியிருந்தது. புதிதாகக் கழுவப்பட்டவர்களுக்குத் தனித்தனி அடையாளம் உண்டாகும்வரை, நாளுக்கு ஒரு மணிநேரம் அவர்களோடு பழகித் தர இயலுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார்கள்.

“இந்தப் பூனையை உள்ளே விடலாமாண்ணு ஒன்றரை வருசம் யோசிச்சவங்க” என்றாள் மிருணாளினி.

“ஓம்” என்றார் செல்வரூபன். “இப்ப அவையள் அனுப்பின ஆக்கள் வாசலில நிக்கினம்.”

மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வரகு சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்துவந்தது. செவிலியின் விரல்களை முகர்ந்துவிட்டு நக்கியது. சமையற்காரரின் கையில் வெகுநேரம் நின்று, பிறகு மடியில் ஏறிக்கொண்டது. இறங்கி லூக்காஸிடம் போனது. மூச்சை அடக்கிக்கொண்டு அவர் கையை நீட்டினார். வரகு ஒருமுறை முகர்ந்தது. அப்படியே திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாலைக் கால்மேல் சுற்றிக்கொண்டது.

லூக்காஸ் நீட்டிய கையை மடக்காமல் மிருணாளினியைப் பார்த்தார். “எத்தனை நாள் ஆகும்?”

“அது சொல்ல முடியாது” என்றாள். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். “நாளைக்கும் வந்து பாருங்க.”