பாண்டுங்கிலிருந்து இழுத்தது

பெருநாள் விடுமுறை முடிந்து கினசி இந்தோனேசியாவின் செமாராங் நகருக்குத் திரும்பியபோது, பழைய நகரத் தெருக்களில் ஏறிய கடல்நீர் அப்போதுதான் வடிந்திருந்தது. அவளுடைய நிறுவனம் அலுவலகமாக வாடகைக்கு எடுத்திருந்த டச்சுக்காலத்து வீட்டுக்கு அவளைத் தவிர இன்னும் யாரும் வரவில்லை. சுவரெல்லாம் ஊறிப் பூஞ்சை வாடை அடித்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு மடிக்கணினியை விரித்தாள்.

பாண்டுங் கிளையிலிருந்து தீர்த்தா கைப்பேசியில் அழைத்தான்.

"அக்கா, உங்ககிட்ட இருக்கிற புரோகிராம் காப்பி பழசு. நாங்க நிறைய மாத்திட்டோம். வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இங்க சர்வர்லேருந்து எல்லாத்தையும் இழுத்துக்கோங்க."

"வந்ததும் வராததுமா வேலையா?"

"பெருநாளுக்கு வச்ச கோழி ஓப்போர் குழம்பு மிச்சமிருந்தா அனுப்புங்க, வேலையப் பத்தி நான் எதுவும் சொல்லல."

அழைப்பைத் துண்டிக்காமல், சிரித்துக்கொண்டே சர்வரிலிருந்து இழுத்தாள். கோப்புகள் வரிசையாக இறங்கின. கடைசியில் ஒன்று வந்தது. அதற்குப் பெயரில்லை, எழுதியவர் பெயரும் இல்லை. திறந்தாள். உள்ளே வெறுமை.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. செத்த எலி என்று நினைத்தாள். அதுவல்ல. இது தித்திப்பாக, தொண்டையில் படிகிற நாற்றம்.

மடிக்கணினி விசைகளின் நடுவே ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது.

கிள்ளி இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஈரமாக, கொழகொழவென்று. அதன் அடியில் ஊறி வெளுத்த தலைத்தோல் ஒரு துணுக்கு.

அதைத் தரையில் உதறினாள்.

அந்தப் பெயரில்லாத கோப்பை அழித்தாள். சர்வரிலிருந்து மறுபடி இழுத்தாள். அதுவும் மறுபடி வந்தது, முடியோடு.

"தீர்த்தா, பேரில்லாத கோப்பு ஒண்ணு... யாரு போட்டது?"

"அப்படி எதுவும் சர்வர்ல இல்லியே அக்கா."

விரல்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிசுபிசுப்பு போகவில்லை. உடம்பெல்லாம் கூசியது. வந்த இடத்துக்கே போய்த் தொலையட்டும் என்று, அந்தக் கோப்போடு தன் பிரதி முழுவதையும் சர்வருக்குத் தள்ளிவிட்டாள்.

நாற்றம் சட்டென்று நின்றது.

"அனுப்பிட்டேன். நீயும் இழுத்துக்கோ," என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

"சரிக்கா."

விசை தட்டும் ஓசை. பிறகு ஓங்கரிப்பு.

"அக்கா... என்ன இது... வாய்க்குள்ள..."

பேச்சு அடைத்துக்கொண்டது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. யாரோ நிதானமாக மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில் வழக்கமான அறிவிப்பு விழுந்தது: செமாராங், பாண்டுங் - இரு பிரதிகளும் ஒன்றே.

நாக்கின் அடியில் ஏதோ உறுத்தியது. உள்ளங்கையில் துப்பினாள்.

பல்.

நாவால் தன் பற்களைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை.