வெள்ளைப் பக்கத்துக்கு இரண்டு மதிப்பெண்

நாரின் ஊரில் வலைப்பூ எழுதுகிறவர்கள் எல்லாரும் செவ்வாய்க்கிழமை வந்தாலே தங்கள் பக்கத்தை இன்னொரு முறை சரிபார்ப்பார்கள். அன்றுதான் சைக்கால் மதிப்பெண் போடுவாள்.

சைக்காலுக்குப் பதினொரு வயது. அவளும் அவளுடைய வகுப்புத் தோழன் தாலந்தும் சேர்ந்து ‘சல்லடை’ என்று ஒரு வலைப்பூ நடத்தினார்கள். மற்றவர்களின் வலைப்பூக்களைப் பார்த்து எடைபோடுவதுதான் அதன் வேலை. பக்கத்தின் அழகுக்குப் பத்து மதிப்பெண். அது சைக்காலின் பொறுப்பு. எழுதியிருக்கும் விஷயத்துக்குப் பத்து. அது தாலந்தின் பொறுப்பு.

தாலந்துக்கு இளகிய மனசு. யாருக்கும் ஆறுக்குக் கீழே போட மாட்டான். சைக்கால் அப்படி இல்லை. பல் மருத்துவரின் பக்கம் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. ‘ஈறு மாதிரி இருக்கிறது’ என்று எழுதி மூன்று போட்டாள். மறுநாளே மருத்துவர் பக்கத்தைப் பச்சையாக்கிவிட்டார். தேன் விற்பவரின் பக்கத்தில் தேனீக்கள் பறந்து பறந்து எழுத்தை மறைத்தன. ‘தேனீயை விரட்டினால் படிக்கலாம்’ என்று எழுதி நான்கு போட்டாள்.

அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதனால் அவளுக்குத் தலைக்கனம் ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் சல்லடைக்கு ஒரு பின்னூட்டம் வந்தது.

‘வணக்கம். நான் அக்மோயுன் கணவாயில் பனி அள்ளும் குழுவில் வேலை செய்கிறேன். என் பக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். ஜூரா.’

அக்மோயுன் கணவாய் அவர்களுக்குத் தெரிந்ததுதான். மலைக்கு அந்தப் பக்கம் போக அது ஒன்றுதான் வழி. இருவரும் பள்ளிக் கணினியில் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள்.

‘கணவாய் இன்று’ என்று தலைப்பு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. படம் இல்லை, வண்ணம் இல்லை. நாளுக்கு ஒரே ஒரு பதிவு, அதுவும் ஒன்றிரண்டு வரிதான்.

‘பாதை திறந்திருக்கிறது. பனி முழங்கால் அளவு.’

‘வானம் தெளிவு. ஆனாலும் பாதை மூடல். வெயிலில்தான் பனி சரியும்.’

‘பாதை திறந்திருக்கிறது. ஒரு கழுகு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.’

“அவ்ளோதானா?” என்றாள் சைக்கால்.

“கழுகு நல்லாருக்கு,” என்றான் தாலந்த். கழுகுக்காகவே ஏழு போட்டான்.

சைக்கால் இரண்டு போட்டாள். கீழே இப்படி எழுதினாள்: ‘பனியைப் பற்றி எழுதினால் பக்கமும் பனி மாதிரி வெறுமையாக இருக்க வேண்டுமா? மலை உச்சியிலேயே இருக்கிறீர்கள். படம் போடுங்கள். பெரிய படமாகப் போடுங்கள்.’

“ரெண்டு ரொம்பக் கம்மி. பாவம் அவங்க,” என்றான் தாலந்த்.

“பாவம் பாத்தா சல்லடை எதுக்கு?” என்று கேட்டாள் சைக்கால்.

மூன்றே நாளில் ஜூராவின் பக்கம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. திரை முழுக்க மலை. விடியற்கால வெளிச்சத்தில் சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அடுத்த படத்தில் மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. மொத்தம் இருபது படங்கள். போதாததற்கு, பக்கத்தின் மேலிருந்து பனித்துகள்கள் வேறு உதிர்ந்துகொண்டே இருந்தன.

சைக்கால் இருபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டை அழித்துவிட்டு ஒன்பது போட்டாள்.

“பாத்தியா, நான் சொன்னதுனாலதான்,” என்றாள். அன்று முழுக்க அவளுடைய கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் பள்ளிக்கு வசந்த விடுமுறை விட்டார்கள். சைக்காலின் அப்பா குபாத், லாரியில் புல்கட்டு ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். அங்கே ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. பட்டியில் புல் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று சைக்காலும் ஏறிக்கொண்டாள்.

கணவாயின் அடிவாரத்தில் ஒரு தேநீர்க்கடை உண்டு. அங்கே அவர்களுடையதோடு சேர்த்து ஏழு லாரிகள் நின்றிருந்தன. உள்ளே ஓட்டுநர்கள் எல்லாரும் கையில் தேநீர்க் கிண்ணத்தோடு தங்கள் தங்கள் போனையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“தொறந்துச்சா?”

“எங்க தொறக்குது, சுத்திக்கிட்டே இருக்கு.”

“எனக்கு ரெண்டு கிண்ணம் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பாதிப் படம் வந்திருக்கு. அதுலயும் வானம் மட்டுந்தான் தெரியுது. வானத்தத்தான் நான் ஜன்னல்லயே பாப்பேனே.”

“என்ன படம்ணே?” என்று கேட்டார் குபாத்.

பெரிய மீசை வைத்த ஓரோஸ் என்ற ஓட்டுநர் தன் போனை மேசையில் தட்டினார். “நம்ம ஜூரா பக்கந்தான். மேல பாத தொறந்திருக்கா இல்லையான்னு அதப் பாத்துதானே ஏறுவோம்? முன்னெல்லாம் மூணு எண்ணுறதுக்குள்ள வந்துரும். இங்க சிக்னல் ஒரு கோடு இருந்தாப் பெரிசு, அதுலயும் வந்துரும். இப்ப ஒரு வாரமா இந்தக் கூத்து. நாரின்ல யாரோ பெரிய நிபுணராம். பக்கம் நல்லால்லன்னு ரெண்டு மார்க் போட்டாராம். இவளும் அதக் கேட்டுக்கிட்டுப் படமா அடுக்கிட்டா.”

சைக்காலின் வாயில் இருந்த போர்சோக் ரொட்டி அப்படியே நின்றது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த நிபுணர் யார் என்று அவருக்குத் தெரியும். அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

“போன் பண்ணிக் கேக்கலாமே,” என்றார் ஓரோஸிடம்.

“அவ எங்க எடுப்பா? கையில மம்பட்டி இருக்கும். அதனாலதானே காலையிலயே எழுதி வெச்சுட்டுப் போறா. மத்தியானம் டீ குடிக்க உள்ள வந்தாத்தான் உண்டு.”

குபாத் ஜன்னல் வழியே பார்த்தார். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. வெயில் பளீரென்று அடித்தது.

“நல்லாத்தானே இருக்கு. அங்க ஆடுங்க பட்டினியாக் கெடக்குது. நான் மெதுவா ஏறிப் பாக்கறேன்,” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னால் எழுந்தார்கள்.

வெயில் என்றதும் சைக்காலுக்கு ஒரு வரி நினைவுக்கு வந்தது. ‘வெயிலில்தான் பனி சரியும்.’ கொட்டாவி விட்டுக்கொண்டே அவள் படித்த வரி அது. வெளியே லாரி உறுமத் தொடங்கியது.

அவள் வாசலுக்கு ஓடினாள். “அப்பா, ஏறாதீங்க. அஞ்சு நிமிஷம் நில்லுங்க.”

பிறகு உள்ளே திரும்பினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“அந்த நிபுணர் நான்தான் மாமா,” என்றாள்.

ஓரோஸ் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மறுபடி காலிலிருந்து தலைவரை பார்த்தார். “நீயா? நாங்க ஏதோ கண்ணாடி போட்ட ஆளுன்னுல்ல நெனச்சோம்,” என்றார்.

யாரோ சிரித்தார்கள். சைக்காலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் பக்கம் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

“இங்க படந்தானே வராது? குறுஞ்செய்தி போகும்ல?” என்று கேட்டாள்.

“அது போகும்.”

அவள் ஓரோஸின் போனை வாங்கி வேகமாகத் தட்டினாள். ‘தாலந்த், நான் சைக்கால். வீட்டுக் கணினியில் கணவாய் இன்று பக்கத்தைத் திற. இன்றைய பதிவை அப்படியே எழுதி அனுப்பு. சீக்கிரம்.’

எல்லாரும் போனைச் சுற்றி நின்றார்கள். வெளியே லாரி உறுமிக்கொண்டே இருந்தது. பதில் வந்தது.

‘பாதை மூடல். மேல் வளைவில் காலையில் பனிச்சரிவு. இன்னும் சரியும் போல இருக்கிறது. யாரும் ஏற வேண்டாம். அள்ளிக்கொண்டிருக்கிறோம். இதுதான் போட்டிருக்கு. ஏன், என்ன ஆச்சு?’

சைக்கால் அதைச் சத்தமாகப் படித்தாள். ஓரோஸ் வெளியே போய் லாரியின் கதவைத் தட்டினார். உறுமல் நின்றது.

அவள் இன்னொரு செய்தியும் அனுப்பினாள். ‘ஜூரா அக்காவுக்கு ஒரு பின்னூட்டம் போடு. நான் சொன்னது தப்பு. அடிவாரத்தில் பக்கம் திறக்கவில்லை. படத்தையெல்லாம் எடுத்துவிடச் சொல். என் பெயரையும் போடு.’

“பேரு போடாம இருந்திருக்கலாமே,” என்றார் ஓரோஸ்.

“ரெண்டு மார்க் போட்டப்ப பேரு போட்டேனே மாமா.”

ஓரோஸ் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, போர்சோக் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

பன்னிரண்டரை மணி வாக்கில் ஒரு மூலையிலிருந்து, “வந்துருச்சு” என்று ஒரு குரல் கேட்டது. உடனே எல்லாரும் தங்கள் போனைத் தட்டினார்கள். சைக்கால் அப்பாவின் போனை வாங்கி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

அதே பக்கம்தான். ஆனால் ஒற்றைக் கோடு சிக்னலில், ஏழு லாரிகள் காத்திருக்கும் இடத்தில் பார்த்தபோது அவளுக்குப் புல்லரித்தது. இந்தப் பக்கத்தில் எதைச் சேர்த்தாலும் கெட்டுப்போகும் என்று தோன்றியது.

பொழுது போக வேண்டுமே. அவள் பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனாள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ‘பாதை திறந்திருக்கிறது. எனக்குக் காய்ச்சல்.’ ‘பாதை மாலை வரை மூடல். புத்தாண்டு வாழ்த்துகள்.’ ‘பாதை திறந்திருக்கிறது. இன்று எனக்குக் கல்யாணம்.’ கல்யாணத்தன்றுகூட எழுதியிருக்கிறாள். ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் என்று போய்க்கொண்டே இருந்தது. அத்தனை காலைகளையும் ஒருத்தி எழுந்து பார்த்து, யாரோ கீழே நிற்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறாள். சைக்காலுக்கு மலைப்பாக இருந்தது.

அப்புறம், எந்தக் குழந்தையும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தான் பிறந்த நாளைத் தேடினாள். ஜனவரி பத்தொன்பது, பதினொரு வருடத்துக்கு முன்னால்.

‘பாதை மூடல். பனி என் தலைக்கு மேல். ஒரே ஒரு வண்டிக்காக ஐந்து பேர் ஆறு மணி நேரம் வழி வெட்டினோம். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். மாலை நாரினிலிருந்து செய்தி வந்தது. பெண் குழந்தை.’

சைக்கால் அதை மூன்று முறை படித்தாள். பிறகு போனை அப்பாவிடம் நீட்டினாள்.

குபாத் படித்தார்.

“நம்ம வண்டிதான் கண்ணு,” என்றார். “அப்ப நாங்க அத்த ஊர்லதான் இருந்தோம். அந்த அஞ்சு பேரும் மொகத்துல துணி சுத்தியிருந்தாங்க. யாரு என்னன்னுகூடப் பாக்கல. அவசரத்துல ஒரு நன்றி சொல்லாம வந்துட்டேன்.”

சைக்கால் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மலையில், அவள் பிறக்கும் முன்பே, அவளுக்காக யாரோ வழி வெட்டியிருக்கிறார்கள்.

நான்கு மணிக்குப் பக்கத்தில் ஒரு புது வரி வந்தது. ‘பாதை திறந்தது. மெதுவாக வாருங்கள்.’ ஏழு லாரிகளும் வரிசையாக ஏறின. மேல் வளைவில் இரண்டு பக்கமும் பனி லாரியைவிட உயரமாகச் சுவர் மாதிரி நின்றது. அவ்வளவையும் கையால் அள்ளியிருக்கிறார்கள். சைக்கால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தாள்.

உச்சியில், முகத்தில் துணி சுற்றிய ஒருத்தி மண்வெட்டியை ஊன்றி நின்று கையசைத்தாள். அப்பா லாரியை நிறுத்தினார். சைக்கால் குதித்து இறங்கினாள்.

“நீங்க ஜூரா அக்காவா?”

“ஆமா. நீ யாரு?”

“ரெண்டு மார்க்.”

ஜூரா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வாம்மா. எனக்கு இங்க தலைக்கு மேலயே செல்போன் கோபுரம் நிக்குது, பக்கம் சட்டுனு தொறந்துச்சு. கீழ இவங்க தவிப்பாங்கன்னு எனக்கும் தோணல பாரு. சரி, நல்லவேளையா வந்த. பின்னணிய மட்டும் லேசா நீலமாக்கலாமா?”

“வேணாங்க்கா. எதையும் தொடாதீங்க,” என்று பதறினாள் சைக்கால். பிறகு மெதுவாக, “அக்கா, ஜனவரி பத்தொம்போது. அந்தப் பெண் குழந்த நான்தான்,” என்றாள்.

ஜூரா முகத்துத் துணியைக் கீழே இறக்கினாள். கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தாள். லாரியிலிருந்து இறங்கிவந்த குபாத் தொப்பியைக் கழற்றினார். பதினொரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தார். ஜூராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது.

“அன்னிக்கு என் மம்பட்டிக் காம்பு ரெண்டா ஒடஞ்சுது,” என்றாள் ஜூரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அதுக்குத்தான் ரெண்டு மார்க் போட்டியாடி?”

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை வந்தது. கணினி அறையில் சைக்கால் தன் பழைய விமர்சனத்துக்குக் கீழே புதிதாக எழுதினாள். ‘நான் இந்தப் பக்கத்தை முதலில் பள்ளிக்கூடக் கணினியில் பார்த்தேன். அது தவறான இடம். அடிவாரத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் திறக்கிறது. பத்து.’

தாலந்த் இதற்குள் ஜூராவின் பக்கத்தைத் திறந்து, அந்தச் சனிக்கிழமையின் பதிவைத் தேடி எடுத்திருந்தான்.

‘பாதை நான்கு மணிக்குத் திறந்தது. பனி லாரியைவிட உயரம். ஜனவரி பத்தொன்பதில் போன குழந்தை இன்று என்னைப் பார்க்க வந்தது.’

அவன் அதை இரண்டு முறை படித்தான்.

“கழுகவிட இது நல்லாருக்கு,” என்று சொல்லி, அவனும் பத்துப் போட்டான்.