கயிற்றின் மறுமுனை

மழையில் இருண்டுபோன மாலையில், தையல் இயந்திரத்தின் முன் தனியாக உட்கார்ந்திருந்தவளின் காதுக்கருவி கீச்சென்று விசிலடித்தது. யாராவது காதை ஒட்டி முகத்தை வைத்தால்தான் அது அப்படிக் கத்தும். மகன் முத்தமிட வரும்போதெல்லாம் கத்தும். "அம்மா காதுல ரயில் வந்துடுச்சு" என்று அவன் சிரிப்பான். இப்போது அவனோ மூச்சிரைப்புக்கு மருந்து குடித்துவிட்டு உள்ளறையில் தூங்குகிறான். கணவன் வெளியூர் வேலையில்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

முகம் தெரியாத யாரோ மனமிரங்கிக் கொடுத்த கருவி அது. கொடுத்தவருக்காகத் தினமும் வேண்டிக்கொள்வாள். அது வந்த பிறகுதான் ஊசி துணியில் இறங்கும் ஓசையையும், பிள்ளையின் நெஞ்சுக்குள் இழுக்கும் மெல்லிய சத்தத்தையும் கேட்டாள். அதற்கு முன், தூங்கும்போது அவள் மணிக்கட்டையும் மகன் மணிக்கட்டையும் ஒரு கயிறுதான் இணைத்திருந்தது. அவன் இரண்டு முறை இழுத்தால், 'அம்மா, மூச்சு முட்டுது.'

மின்சாரம் போனது. மறுபடியும் விசில். இம்முறை நிற்கவில்லை. ஈரத்துணியின் வாடை. கன்னத்தில் குளிர்ந்த மூச்சு.

"கடவுளே, என் பிள்ளையைக் காப்பாத்து."

கருவியைப் பிடுங்கினாள். எல்லாம் அடங்கிப்போனது. ஆனால் அவன் மூச்சுக்குத் தவித்தால் எப்படித் தெரியும்? அந்தப் பழைய நீளக் கயிற்றைத் தேடி எடுத்து, ஒரு முனையைத் தூங்குகிறவன் கையில் தளர்வாகவும் மறுமுனையைத் தன் கையில் இறுக்கமாகவும் முடிந்துகொண்டு, மெழுகுவர்த்தி எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

திரியில் சுடர் பிடித்தபோது கயிறு இழுத்தது. ஒன்று. இரண்டு.

மெழுகுவர்த்தியோடு ஓடினாள். கூடத்தில் ஏதோ இடுப்பில் மோதியது. மகன்.

அவன் கையில் கயிறு இல்லை. உதடுகள் அசைந்தன. கருவியைக் காதில் பொருத்தினாள்.

"கயிறு எங்கடா கண்ணு?"

"குடுத்துட்டேம்மா. இல்லாதவங்க கேட்டா குடுக்கணும்னு நீதானே சொன்ன." அவன் மூச்சு சீராக இருந்தது. "பாவம்மா. அதுக்கும் அம்மா வேணுமாம்."

அவள் மணிக்கட்டிலிருந்து கயிறு விறைப்பாக உள்ளறை இருட்டுக்குள் போயிருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. அவளே போட்ட முடிச்சு.

இரண்டு இழுப்பு.

பிறகு கயிறு மெல்லத் தளர்ந்தது. தரையில் தொய்ந்து விழுந்தது.

பிள்ளையை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

காதுக்கருவி விசிலடித்தது.