வராதவர்: கசுபா

எலினா டீச்சரின் இடது முழங்கால் காலையிலிருந்தே உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் சிமெண்டுத் தரையில் நின்று பாடம் நடத்திய கால். மழைக்கு அரை நாள் முன்பே அதற்குத் தெரிந்துவிடும். காலைப் பெஞ்சின்மேல் நீட்டிக்கொண்டு, 1989-ஆம் வருடத்து நாலாம் வகுப்பு 'பி' படத்தை மடியில் வைத்து, பென்சில் முனையால் பிள்ளைகளின் தலைகளை மூன்றாம் முறையாக எண்ணினாள்.

நாற்பத்தொன்று வர வேண்டும். நாற்பத்திரண்டு வந்தது.

படத்தைத் திருப்பினாள். பின்புறம் அவளுடைய கையெழுத்துதான். வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக, நாற்பத்தொரு பெயர். எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒரு வரி: வராதவர்: கசுபா.

கலோங்கா தொடக்கப்பள்ளிக்கு நாளை அறுபதாம் ஆண்டு விழா. சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவர்களெல்லாம் தலைநகர் லுசாகாவிலிருந்தும் டோலாவிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் பார்ப்பதற்காகப் பழைய வகுப்புப் படங்களை ஒட்டிவைக்க வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுத வேண்டும். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை மேடம் என்று தலைமையாசிரியர் சிகாஸ்வே வீட்டுக்கே வந்து கெஞ்சினார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் மறுக்க வாய் வரவில்லை. மறுத்தால் அந்த ஒரு படம் வேறு யார் கைக்காவது போகும்.

சிகாஸ்வே பசை வாங்க டவுனுக்குப் போய்விட்டார். மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. சுரங்கக் கசடு கொட்டிய மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி, மூன்று மணிக்கே வகுப்பறையில் சாயங்கால வெளிச்சம். உருக்காலையின் கந்தகப் புகை தாழ்ந்து இறங்கி, சாக்பீஸ் தூளோடும் பழைய அட்டையின் பூஞ்சை வாடையோடும் கலந்து தொண்டையைக் கரித்தது. பின்சுவரில் சாமான் அறையின் கதவு. தாழ்ப்பாள் அதே பழைய இரும்புத் தாழ்ப்பாள்தான்.

பின்புறம் பெயர் எழுதிய நாளுக்குப் பிறகு அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது முகத்தருகே கொண்டுபோனாள். பிள்ளைகளுக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சுவர். சுவரில் சாமான் அறையின் சின்ன ஜன்னல். கம்பிக்குப் பின்னால் நகத்தளவு ஒரு முகம். வாய் திறந்திருந்தது.

படம் எடுக்கிற நாளில் கலோங்காவில் ஷூக்கள் கால் மாறும். படம் சுரங்க நலக்கூடத்தில் தொங்கும் என்பதால் வெறுங்கால் தெரியக் கூடாது என்பது அன்றைய தலைமையாசிரியரின் கட்டளை. முன்வரிசை உட்காரும், அதன் கால் மட்டும்தான் படத்தில் விழும். ஆகவே பின்வரிசை நெட்டைப் பிள்ளைகளின் ஷூவைக் கழற்றி முன்வரிசைக் குட்டைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவது டீச்சர்களின் வேலை. படம் முடிந்ததும் அவரவர் ஷூ அவரவர்க்கு. எந்தப் பிள்ளையும் முணுமுணுத்ததில்லை.

கசுபா முணுமுணுத்தாள். ஒன்பது வயதுக்கு நல்ல உயரம், எப்போதும் பின்வரிசை. அன்றைக்குத்தான் முதன்முறையாக ஷூ போட்டு வந்திருந்தாள். கறுப்பு, வார் வைத்தது, இரண்டாம் நம்பர். பூமிக்கடியில் வேலை செய்கிற அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. தர மாட்டேன் என்று காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். படக்காரர் மேகத்தைக் காட்டிக் கத்தினார். எலினா அவள் காலைப் பிடித்து இழுத்து ஷூவைக் கழற்றி, முன்வரிசை ஐடாவுக்கு மாட்டினாள். அழுகிற மூஞ்சியோடு படத்தில் நிற்க வேண்டாம் என்று கசுபாவைச் சாமான் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். ஐந்து நிமிட வேலை. வருகிற மாதம் உடுத்த இருந்த தன் கல்யாண உடுப்பு அப்போது அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மழை இறங்கியது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஐடா ஷூவோடே ஓடிவிட்டாள்.

கதவைத் திறந்தபோது கசுபா ஷூவைக் கேட்டாள். ஐடா வீட்டில் போய் வாங்கிக்கொள் என்றாள் எலினா. ஐடாவின் வீடு கழிவுநீர்க் கால்வாய்க்கு அந்தப் பக்கம்.

மறுநாள் காலை கால்வாய் வலையில் கசுபாவின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

யாரும் வருவதற்குள் எலினா வருகைப் பதிவேட்டில் முந்தைய நாள் அடையாளத்தைச் சுரண்டி மாற்றினாள். பிறகு வகுப்பின் முன்னால் நின்று கேட்டாள்: நேற்று கசுபா வந்தாளா? பிள்ளைகள் விழித்தார்கள். வந்தாள் என்று சொல்கிறவர்களைப் போலீஸ் கூட்டிப்போகும் என்றாள். மறுபடி கேட்டாள். வாய்ப்பாடு சொல்கிற மாதிரி நாற்பத்தொரு குரலும் ஒன்றாக வந்தது. வரலை டீச்சர். மூன்று முறை சொல்லவைத்தாள். ஐடாவின் அம்மா திருப்பிக் கொண்டுவந்த ஷூவைப் பள்ளிக்கூடக் கக்கூஸ் குழிக்குள் போட்டாள்.

வாசலில் யாரோ காலைத் தட்டிச் சேறு உதிர்க்கும் சத்தம் கேட்டது. எலினா படத்தைச் சட்டென்று மேசைமேல் கிடந்த பழைய பதிவேட்டுக்கு அடியில் கவிழ்த்தாள்.

வந்தது பானா கசுபா. பெண்களைப் பிள்ளை பெயரால், இன்னாரின் அம்மா என்றுதான் கலோங்காவில் கூப்பிடுவார்கள். பிள்ளை போய் முப்பத்தைந்து வருடம் ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை. கரி விற்றுப் பிழைப்பவள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. இடுப்புத் துணியில் முடிந்திருந்த அவித்த கடலையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வாட்ச்மேன் விட மாட்டேன்னுட்டான். எலினா டீச்சர் என் கூட்டாளி, அவங்க பிரம்பு எப்படி இருக்கும்னு உன் அண்ணனைக் கேளுன்னேன். உடனே கேட்டைத் திறந்துட்டான்," என்று சிரித்தாள்.

எலினாவும் சிரித்தாள். முகம் வலித்தது.

பானா கசுபா மேசைமேல் பரப்பியிருந்த படங்களைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். தன்னிடம் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை என்றாள். இப்போதெல்லாம் முகம் கலைந்துபோகிறதாம். மூக்கு ஞாபகம் வருகிறது, வாய் வருவதில்லையாம். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் ஷூ மாட்டித்தான் அனுப்பினேன் டீச்சர். இந்தக் கையாலதான் வாரைப் போட்டேன். யாரும் நம்பலை. அவளை வீட்டுல நிறுத்திட்டு ஷூவை வித்துக் குடிச்சேன்னு அவங்க அப்பா சொன்னாரு, அடிச்சாரு, போயிட்டாரு. அவரை விடுங்க. அன்னைக்கு அவ பள்ளிக்கூடம் வந்தாளா, வரலையா? செத்தா அவகிட்ட போய் நிக்கணுமில்ல. நான் பொய் சொல்லலைன்னு எனக்கே தெரியணும்."

மழை இன்னும் வரவில்லை. தகரக் கூரை வெப்பம் இறங்கி டக் டக்கென்று நெளிந்தது. பதிவேட்டின்மேல் எலினாவின் கை இருந்தது. அடியில் அந்த முகம் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். இவளுக்கு மகளின் முகமும் கிடைக்கும், மானமும் கிடைக்கும். நாளை கூடத்தில் நாற்பத்தொரு பேரும் நிற்பார்கள், எல்லோருக்கும் நாற்பத்து நாலு வயது. அவர்களில் ஒருவர் வாயைத் திறந்தால் இன்னொருவரும் திறப்பார்.

"அவ வரலை பானா கசுபா," என்றாள். "பதிவேட்டுலயே இருக்கே."

பானா கசுபா மெதுவாகத் தலையாட்டினாள். பரவாயில்லை என்றாள். சாவு வீட்டில் என்னோடு பாயில் உட்கார்ந்தது நீங்கள் ஒருத்திதான், அதை மறக்க மாட்டேன் என்றாள். கடலையைச் சூடு ஆறுவதற்குள் தின்னச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கேட்டைத் தாண்டியதும் மழை இறங்கியது.

எலினா படத்தை உருவினாள். வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் போட்டுவிடலாம். கைப்பையில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்தாள்.

ஜன்னலில் முகம் இல்லை.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணினாள். நாற்பத்திரண்டு. பின்வரிசையில், இடது ஓரத்தில், மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக ஒருத்தி நின்றாள். தலைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லோரும் படக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வரிசையின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இருபத்தேழு வயது டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. எலினா அடுத்த படத்தை இழுத்தாள். 1990. வேறு பிள்ளைகள், வேறு சிரிப்புகள், அதே நாற்காலி. மூன்றாம் வரிசையின் ஓரத்தில் அவள். 1993. இரண்டாம் வரிசை. சீருடை மாறியிருந்தது, அவள் மட்டும் பழைய நீலத்தில் இருந்தாள். 1998. பிள்ளைகள் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள், நனைந்த ஒன்றைத் தொடக் கூடாது என்பதுபோல. 1990-க்குப் பிறகான இந்தப் படங்கள் எல்லாம் வருடக்கணக்காக ஆசிரியர் அறைச் சுவரில் தொங்கியவை. தினமும் இவற்றுக்குக் கீழே நின்று டீ குடித்திருக்கிறாள்.

2006. முன்வரிசை. ஷூ போட்ட கால்களுக்கு நடுவே இரண்டு வெறுங்கால்.

2014. நாற்காலிக்குப் பக்கத்தில்.

2022. அவள் ஓய்வு பெற்ற வருடம். மாலை போட்டு உட்காரவைத்து எடுத்தது. அன்றைக்கு முழுவதும் இடது தோள் ஜில்லென்று இருந்ததை, மாலையின் ஈரம் என்று நினைத்திருந்தாள். படத்தில் அவள் இடது தோளின்மேல் ஒரு சின்னக் கை.

முப்பத்து மூன்று வருடத்தில் அந்த முகம் ஒரு நாள்கூட வளரவில்லை. டீச்சர் மட்டும் கிழவியாகியிருந்தாள்.

எழுந்தாள். வலித்த கால் தாங்கவில்லை, மறுபடி அதைப் பெஞ்சின்மேல் நீட்டி உட்கார்ந்தாள். பானா கசுபா என்று கத்தினாள். தகரக் கூரை அந்தச் சத்தத்தைத் தின்றது. பென்சிலைத் தேடினாள். திருத்திவிடலாம். வராதவர் என்பதை அழித்துவிட்டு வந்தவர் என்று எழுதிவிடலாம், இப்போதே, நாளைக்கு எல்லோரும் பார்க்கட்டும். ரப்பரால் அழுத்தித் தேய்த்தாள். அந்த ஒரு வரி போகவில்லை. பெயர்கள் போயின. முதலில் ஐடா. பிறகு நாற்பது பெயரும். காகிதம் பஞ்சாகிக் கிழிந்தது. கடைசி வரி மட்டும் நின்றது.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

திரும்பவில்லை. கால்வாய் வாடை. வேகமான நடை இல்லை. சிமெண்டில் வெறுங்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. கூப்பிடும்வரை காத்திருக்கிற பிள்ளையின் நடை.

 அவள் வாய்க்கு ஒரு பழக்கம் இருந்தது. முப்பத்தெட்டு வருடத்துப் பழக்கம்.

"கசுபா," என்றாள் எலினா.

"உள்ளேன் டீச்சர்."

கிட்டத்தில். மேசைக்குக் கீழே.

பெஞ்சின்மேல் நீட்டியிருந்த காலைப் பார்த்தாள். கால் அசையவில்லை. அதன்மேல் இருந்த அவளுடைய ஷூவின் நாடாவை இரண்டு சின்னக் கைகள், சுருங்கி வெளுத்த விரல்களால், நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தன. ஒரு ஷூ கழன்றது. ஈர விரல் அந்த ஷூவை அளந்து பார்த்தது. பெரியது. பொருந்தாது. கை அதைத் தரையில் வைத்துவிட்டு, மறுபடி அவள் முன்னால் வந்து, உள்ளங்கை மேலே பார்க்க, விரிந்து நின்றது.

தர வேண்டியது இரண்டாம் நம்பர் கறுப்பு ஷூ, வார் வைத்தது, ஒரு ஜோடி. இன்னும் தரவில்லை.