கோப்பையும் முன்படியும்

விசாலாக்ஷி சாயா டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில், பள்ளுருத்தியில் குடியிருக்கும் சுடலைமுத்து மழையில் நனைந்தபடி வந்து நின்றார். மாநகராட்சிச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"என் மோளு ரஜிதா கள்ளி இல்ல மேடம். காலேஜ் வெள்ளிக்கோப்பையை எடுத்துட்டாள்னு எல்லார் முன்னாலயும் என்னைக் கூப்பிட்டு நிறுத்திட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா டிஸ்மிஸ். பரீட்சை எழுத முடியாது."

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற விசாலாக்ஷி குடையை எடுத்தாள். உதவியாளன் சுதர்ஷன் அதற்குள் ஆட்டோவைப் பிடித்திருந்தான். இளம் வக்கீல், ஆர்வக்கோளாறு கொஞ்சம் அதிகம்.

மட்டாஞ்சேரியின் அந்தப் பழைய கல்லூரியில் அன்று ஆண்டுவிழா. முற்றம் முழுக்க மாணவர்கள். அகலமான முன்படிகள் காலியாகக் கிடக்க, அத்தனை பேரும் பக்கவாட்டுக் கதவில் நனைந்துகொண்டு முண்டியடித்தார்கள். இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே சுதர்ஷன் முன்படியில் கால் வைத்தான். முற்றமே "கூ...!" என்று கூவியது. அவனுக்கு உயிரே போய்விட்டது.

"சேட்டன் ஸ்டூடன்ட் இல்லையா?" என்று ஒரு பெண் சிரித்தாள். "இன்னும் படிச்சு முடிச்சுப் பாஸாகாதவங்க அதுல ஏறினா பரீட்சையில தோத்துப் போவாங்க. ஏறினாலும் இறங்கினாலும் கூவிடுவோம். பண்டு தொட்டே இங்க அப்படித்தான்."

பிரின்சிபால் அறையில் ரஜிதா முகம் இறுகி நின்றாள். மாணவர் சங்கத் தலைவி; இந்த ஆண்டு விவாதப் போட்டியில் அந்த வெள்ளிக்கோப்பையை வென்றதும் அவள் அணிதான். கோப்பை இருந்த கண்ணாடி அலமாரி உடைபடவில்லை. சாவி ஒன்று அவளிடம், மற்றொன்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் வெங்கிடாசலத்திடம். அந்தப் பெரிய மனிதர் சொல்லைப் பிரின்சிபால் அப்படியே நம்பிவிட்டார்.

"காலையில முற்றம் நிறையப் பிள்ளைகள் நிக்கிற நேரம்," என்றார் அங்கே நின்றிருந்த வெங்கிடாசலம். "துணியில சுத்தி எடுத்துக்கிட்டு முன்படி வழியா இறங்கினா. என் கண்ணால கண்டேன்."

"முன்படிதானே? நன்னா ஓர்மை இருக்கா?" என்று கேட்டாள் விசாலாக்ஷி.

"சத்தியமா."

"அப்போ யாருமே ஏன் கூவலை?"

சுதர்ஷனால் பொறுக்க முடியவில்லை. "மாமி, திருடிண்டு ஓடறவ சம்பிரதாயம் பார்ப்பாளா?"

"அவ பார்க்க வேண்டாம்டா. முற்றத்தில நின்னவா பார்ப்பாளே? தெரியாம கால் வெச்ச உன்னையே விட்டாளா?" விசாலாக்ஷி வெங்கிடாசலத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க பாஸாகி எத்தனையோ வருஷமா அந்தப் படியில ஏறி இறங்கறேள். உங்களைப் பார்த்து யாரும் கூவறதில்லை. அதான் மறந்துபோச்சு. அவ இறங்கலைன்னா, இறங்கினாள்னு சொல்ல உங்களுக்கென்ன அவசியம்? இன்னொரு சாவி உங்க கைல."

வெங்கிடாசலம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கோப்பை என் கார்லதான் இருக்கு. அதுல ஜெயிச்சவங்க பேர் பொறிச்ச பழைய தகட்டையெல்லாம் கழட்டிட்டுப் புதுசு அடிக்கப் போறாங்க; என் பேரும் அதுல இருக்கு. என் ஆயுசுல நான் ஜெயிச்சது அது ஒண்ணுதான்."

சுதர்ஷனுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரு தகட்டுக்காக ஒரு பெண்ணின் படிப்பையே காவு கொடுக்கத் துணிந்தாரே!

விஷயத்தை இந்த அறையோடு முடித்துக்கொள்வோம் என்று தொடங்கிய பிரின்சிபால், ரஜிதாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"என்கிட்ட வேண்டாம் சார். காலையில அப்பாவை எல்லார் முன்னாலயும் நிறுத்தினீங்க. அங்கேயே சொல்லுங்க."

பிரின்சிபால் முற்றத்துக்குப் போய், அங்கே காத்து நின்ற சுடலைமுத்துவின் முன் கைகூப்பி, ரஜிதா திருடவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டார். சுடலைமுத்து அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் மகளைத் தேடினார். அவள் முகம் தென்பட்டதும்தான் அழுதார்.